உடல் சொல்லும் சாட்சி

பெங்களூரில் பொழுது புலரும் முன்பே எழுந்து தியானத்தில் அமர்பவர்கள் பலர். அவர்களுள் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியவர். சொந்த ஊர் சேலம். இருபது ஆண்டுகளாக வாசம் பெங்களூரில். ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பொறுப்பான பதவி வகிக்கிறார். இரண்டு ஆண்டுகளாக, நாள் தவறாமல், காலை ஐந்து மணிக்குப் பூஜையறையில் நாற்பது நிமிடம் தியானம் செய்கிறார். அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் உடல் பரிசோதனையோடு, தம் சொந்தப் பணத்தில் இன்னொரு சோதனையையும் சேர்த்துக்கொள்கிறார். அது இரத்தத்தில் கார்ட்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று காணும் சோதனை. 'மன அழுத்த ஹார்மோன்' என்று பத்திரிகைகள் குறிப்பிடுவது இதைத்தான். முடிவு வருகிறது. ஆரோக்கியமான மனிதருக்கு இருக்கவேண்டிய வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் தியானம் தொடங்குமுன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இன்றும் இருக்கிறது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்கிறார்: "அப்படியானால் இந்த இரண்டு ஆண்டுகளும் வீணா?"

இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. முற்காலத்துச் சாதகன் குருவின் முன் சென்று, 'மனம் அடங்கவில்லையே' என்று வருந்தினான். இக்காலத்துச் சாதகன், 'எண் குறையவில்லையே' என்று வருந்துகிறான். சொல் மாறியிருக்கிறது; வருத்தம் மாறவில்லை. இந்த ஏமாற்றத்தால் ஆசனத்தையே சுருட்டி வைத்துவிடுபவர்கள் உண்டு. அது பெரிய இழப்பு. எண் குறைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், தியானத்தைக் காலையில் விழுங்கும் ஒரு மாத்திரையாக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் இழப்பே, ஆனால் அவர்களுக்கு அது இழப்பென்று தெரிவதில்லை. ஆகவே உடல் உண்மையில் எதற்குச் சாட்சி சொல்கிறது, எதற்குச் சொல்லவில்லை என்பதை நிதானமாக ஆராய்வது நல்லது.

பகையல்ல, பணியாள்

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி கவிழ்த்ததுபோல அட்ரீனல் சுரப்பிகள் அமர்ந்திருக்கின்றன. ஆபத்து என்று மனம் எதையேனும் கருதினால், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி அட்ரீனலுக்கு ஆணையிடுகிறது. அட்ரீனலின் நொடிகளில் பாய்ந்து இதயத்தை விரைவுபடுத்துகிறது. கார்ட்டிசால் சற்று நிதானமாக, நிமிடக்கணக்கில் ஏறி வந்து, குருதியில் சர்க்கரையைச் சேர்த்து, உடலைப் போருக்குத் தயார் செய்கிறது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே 1936ஆம் ஆண்டு இத்துறைக்கு அடித்தளம் இட்டார். அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஒரு பகைவனைக் கண்டுபிடிக்கவில்லை. உயிர் காக்கும் ஒரு பொருளின் தன்மையை வெளிப்படுத்தினார்கள். கார்ட்டிசால் போதுமான அளவு சுரக்காதவர்கள் 'அடிசன் நோய்' என்னும் நிலைக்கு ஆளாகிறார்கள். மருந்து கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு நாளும் மனிதனைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிறுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. விழித்தெழுந்த அரைமணி, முக்கால் மணி நேரத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுகிறது. பின்னர் நாள் முழுவதும் இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாகிறது. காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் கையை நீட்டுபவரின் குருதி, பெரும்பாலும் இந்த இயற்கையான ஏற்றத்தைத்தான் காட்டும். முந்தைய இரவின் உறக்கம், ஊசியைக் கண்ட அச்சம், சரியான நேரத்துக்கு வந்து சேரவேண்டுமே என்ற பதற்றம் ஆகியவையும் அதில் கலந்திருக்கும். இரண்டு ஆண்டுச் சாதனையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி அந்த ஒரு துளிக்கு இல்லை. சேலத்து அன்பருக்கு முதலில் சொல்லவேண்டிய ஆறுதல் இதுவே.

பழைய பெங்களூர் ஏரிகளின் ஊர். ஏரி என்றால் மதகு உண்டு. வயலுக்கு நீர் வேண்டும்போது மதகைத் திறக்கிறார்கள், பாய்ந்ததும் அடைக்கிறார்கள். திறந்த மதகு அடைபடாவிட்டால், எந்த நீர் பயிரை வளர்த்ததோ அதே நீர் பயிரை அழுகவைக்கும். கார்ட்டிசாலின் செய்தியும் அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு மேலதிகாரி ஒரு கடுஞ்சொல் சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு ஆயுள் நான்கு நொடி. அதனால் சுரந்த ஹார்மோன், தன்போக்கில் விட்டால், ஓரிரு மணி நேரத்தில் பெருமளவு தணிந்துவிடும். ஆனால் மனம் விடுவதில்லை. மதிய உணவின்போது அச்சொல்லை மறுபடி எடுத்துப் பார்க்கிறது. சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நகராமல் நிற்கும்போது அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறது. இரவு பதினோரு மணிக்கு, சொல்லாமல் விட்ட பதிலை நினைத்துப் புரள்கிறது. ஒவ்வொரு முறையும் மதகு மீண்டும் திறக்கிறது. ஒன்றையே எண்ணி எண்ணி மனிதன் படிப்படியாக வீழ்வதைக் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் சங்கிலி கோத்ததுபோல் காட்டுகிறது. அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி வெளியிலுள்ள பொருள் அல்ல. அதை விடாமல் நினைக்கும் நினைப்பே.

கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் உடலில் கண்ட குறிகளை வரிசையாகச் சொல்கிறான். வாய் உலர்தல், உடல் நடுங்குதல், மயிர் சிலிர்த்தல், கையில் வில் நிற்காமை ஆகிய அனைத்தையும் இன்றைய உடலியல் மாணவன் ஒரே பார்வையில் இனங்கண்டு கொள்வான். பகவான் அந்த நடுக்கத்துக்கு மருந்து தரவில்லை. நடுங்குகிறவன் யார், எதை எண்ணி நடுங்குகிறான் என்பதையே விசாரித்தார்.

பெங்களூரின் பங்கு

தியானத்தை அறிவியல் கருவிகளின் முன் அமர்த்தியதில் பெங்களூருக்குப் பெரும் பங்குண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவந்த டாக்டர் எச்.ஆர். நாகேந்திரா, நாடு திரும்பி 1975ஆம் ஆண்டு கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தில் தம்மை இணைத்துக்கொண்டார். அவரும் மருத்துவர் ஆர். நாகரத்னாவும் ஆஸ்துமா நோயாளிகளிடம் யோகப் பயிற்சியின் பலனைக் குறித்து நடத்திய ஆய்வு, 1985ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. அந்த முயற்சியே வளர்ந்து, பெங்களூருக்குத் தெற்கே ஜிகணி அருகிலுள்ள பிரசாந்தி குடீரத்தில் சுவாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானம் ஆயிற்று. 2002இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இன்னொரு புறம், ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமும் யோகத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

நிமான்ஸில் பேராசிரியர் தேசிராஜுவும் ஷிர்லி டெல்லஸும் பிரம்மகுமாரிகள் இயக்கத்தின் ராஜயோக தியானத்தை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. தியானத்தின்போது இதயத் துடிப்பு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. உடலின் மற்றக் குறிகளோ ஆளுக்கு ஆள் வேறுபட்டன. தியானம் என்றாலே உடல் முழுவதும் தளர்ந்து ஓய்கிறது என்ற எளிய சூத்திரம் அங்கே பொருந்தவில்லை. பிறகு 1995இல் டெல்லஸ், நாகரத்னா, நாகேந்திரா மூவரும், ஓங்காரத்தை மனத்துள் ஜபித்துத் தியானிப்பதில் நீண்ட பழக்கமுள்ள ஏழு பேரை ஆராய்ந்தார்கள். இதயத் துடிப்பு தணிந்தது. ஆனால் விழிப்பு கூடியதற்கான அறிகுறிகளும் கூடவே தென்பட்டன. உடல் ஓய்கிறது, உள்ளம் உறங்கவில்லை. ஏழு பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கக்கூடாது. ஆயினும் அந்த இரட்டைக் குறி, வேதாந்தம் பயின்றவர்களுக்குப் புதிதல்ல.

மாண்டூக்ய உபநிஷதம் பன்னிரண்டே மந்திரங்கள் கொண்டது. அதற்குக் காரிகை செய்த கௌடபாதர் தியானத்துக்கு வரும் தடைகளை நுட்பமாக ஆராய்கிறார். பின்வந்த வேதாந்த ஆசிரியர்கள் அவற்றை நான்காகத் தொகுத்தார்கள். மனம் தூக்கத்தில் ஆழ்வது லயம். வெளியே சிதறி ஓடுவது விக்ஷேபம். தூங்கவும் இல்லை, ஓடவும் இல்லை, எனினும் உள்ளே படிந்த பழைய விருப்பு வெறுப்பின் கறையால் மரத்து நின்றுவிடுவது கஷாயம். வழியிலே கிடைக்கும் இன்பத்தைச் சுவைத்து அங்கேயே தங்கிவிடுவது ரசாஸ்வாதம். தூங்கும் மனத்தை எழுப்பு, ஓடும் மனத்தை அமைதிப்படுத்து என்ற காரிகையின் உபதேசத்தை அடிப்படையாகக் கொண்டுதான் நாகேந்திரா 'சைக்ளிக் மெடிடேஷன்' என்ற பயிற்சியை அமைத்தார். சில எளிய ஆசனங்கள், இடையிடையே படுத்து ஓய்தல், மீண்டும் எழுதல் என்று சுழன்று வரும் பயிற்சி அது. ஆசனம் லயத்தைக் கலைக்கிறது. ஓய்வு விக்ஷேபத்தைத் தணிக்கிறது.

2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இப்பயிற்சிக்குப் பின் உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயு 32.1 சதவீதம் குறைந்தது. வெறுமனே சவாசனத்தில் படுத்திருந்தபோது 10.1 சதவீதமே குறைந்தது. அசைவே இல்லாமல் படுத்துக் கிடப்பதைவிட, அசைந்து அசைந்து ஓய்வது அதிக ஓய்வைத் தந்திருக்கிறது! 2009இல் வந்த இன்னொரு ஆய்வு, பகலில் இப்பயிற்சி செய்தவர்களுக்கு அன்றிரவு ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு கூடுவதைக் காட்டியது. பகலின் சுமை எதுவோ அதுதான் இரவின் உறக்கத்தைத் திருடுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

2013இல் டெல்லஸும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான முப்பது ஆடவரிடம் நடத்திய ஆய்வு இன்னும் ஒருபடி உள்ளே சென்றது. சிதறிய சிந்தனை, ஒருமுகப்பட்ட சிந்தனை, தாரணை, தியானம் என நான்கு நிலைகளைத் தனித்தனியே பிரித்து அவர்கள் அளந்தார்கள். தாரணை என்பது முயன்று நிறுத்துதல். தியானம் என்பது முயற்சி உதிர்ந்தபின் எண்ணெய் ஒழுக்குப்போல் தானே தொடர்தல். இது பதஞ்சலி வகுத்த பிரிவு. நரம்பு மண்டலம் பரபரப்பிலிருந்து விலகி அமைதியை நோக்கித் திரும்பியதன் அடையாளங்கள் மிகுதியாகக் காணப்பட்டது நான்காவது நிலையில், அதாவது முயற்சியற்ற தியானத்தில்தான். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, 'அமைதியாக இருக்கிறேன்' என்று மனத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த முடிவைச் சிந்திக்க வேண்டும்.

நிமான்ஸ் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். ஆரோக்கியமான பன்னிரண்டு பேர் ஓங்காரத்தை உரக்க உச்சரித்தபோது, மூளையில் அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல் அடங்கியது ஸ்கேன் படத்தில் தெரிந்தது. 'ஸ்ஸ்' என்ற ஒலியை அதே அளவு நேரம் எழுப்பியபோது அது நிகழவில்லை.

கார்ட்டிசாலை நேரடியாக அளந்த ஆய்வுகளும் நிமான்ஸில் நடந்துள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் நோயுற்றவர்களிடம் செய்யப்பட்டவை. குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற அறுபது பேரிடம் சுதர்சனக் கிரியா மூச்சுப் பயிற்சியின் பலனை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வாரங்களில் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்கள் ஆகிய இரு பிரிவினருக்கும் கார்ட்டிசால் குறைந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மனச்சோர்வு நோயாளிகளிடம் யோகப் பயிற்சி குறித்து 2013இல் வெளியான ஆய்விலும் இதை ஒட்டிய முடிவு கிடைத்தது. இவற்றை அப்படியே எடுத்து நலமாக இருப்பவருக்குப் பொருத்துவது தவறு. வெள்ளம் வடிவதைப் பார்த்து, வெள்ளமே வராத ஊரிலும் நீர் இறங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது போன்றது அது. மாறாக, இவற்றைப் படித்துவிட்டு மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

முரண்படும் சாட்சிகள்

நலமாக இருப்பவர்களிடம் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அவை ஒரே குரலில் பேசவில்லை. ஆழ்நிலைத் தியானத்தில் நீண்ட பழக்கமுள்ளவர்களுக்குத் தியானத்தின்போது கார்ட்டிசால் இறங்கியதை 1978இல் ஜெவ்னிங் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கண்டார்கள். தாய்லாந்தில் பௌத்த தியானம் பயின்ற இளைஞர்களிடமும் அது குறைந்திருந்ததாக 1991இல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் மைக்கேல்ஸ் என்பவரின் குழு 1976இலும் 1979இலும் வெளியிட்ட கட்டுரைகள், தியானம் செய்தவர்களுக்கும் சும்மா அமர்ந்து ஓய்வெடுத்தவர்களுக்கும் அழுத்த ஹார்மோன்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்றன.

பக்தர்களுள் சிலர் இத்தகைய முடிவுகளைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதில்லை. சும்மா அமர்ந்திருப்பவனின் உடலும் ஓயும். ஆழ்ந்து தூங்குபவனின் உடல் இன்னும் ஓயும். உடல் ஓய்வதே தியானம் என்றால் கும்பகர்ணனை மகாயோகி என்று வணங்கவேண்டியிருக்கும். கௌடபாதர் லயத்தைத் தடை என்றாரே தவிர, பேறு என்று சொல்லவில்லை. கருவி இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது கருவியின் குற்றமும் அல்ல, தியானத்தின் குற்றமும் அல்ல.

இன்னும் இரண்டு ஆய்வுகள் கவனத்துக்குரியவை. 1997இல் மக்லீனும் அவருடைய குழுவினரும், நான்கு மாதம் ஆழ்நிலைத் தியானம் பயின்றவர்களுக்குச் சாதாரண நேரத்துக் கார்ட்டிசால் குறைந்ததையும், அதே சமயம் திடீர்ச் சோதனையொன்றின் முன் அது முன்னைவிடத் துடிப்பாக ஏறியதையும் கண்டார்கள். மதகு தேவையில்லாதபோது அடைபட்டிருக்கிறது. தேவைப்படும்போது நன்றாகத் திறக்கிறது. அடுத்தது 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிரெஸ்வெல் நடத்திய ஆய்வு. மூன்றே நாட்கள், நாளுக்கு 25 நிமிடம், விழிப்புணர்வுப் பயிற்சி. பயின்றவர்கள், சோதனையின்போது அழுத்தம் குறைவாக இருந்தது என்றார்கள். அவர்களுடைய கார்ட்டிசாலோ பயிலாதவர்களைவிட அதிகமாக ஏறியது. புதிதாகக் கற்றதைக் கையாளும் முயற்சியே அந்த ஏற்றத்துக்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தாரணையில் வியர்ப்பது இயல்பு. மூன்று நாளில் தியானம் கைகூடிவிடும் என்று எந்தச் சாஸ்திரமும் வாக்களிக்கவில்லை.

பிறர் முன்னே நிற்கும்போது

இவை எல்லாவற்றையும்விட ஆழமாகச் சிந்திக்கவைப்பது ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து வந்த ஆராய்ச்சி. மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் டானியா சிங்கர் தலைமையில், ஆரோக்கியமான முந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் பல மாதங்கள் அது நடந்தது. பயிற்சி மூன்று வகை. ஒவ்வொன்றும் மூன்று மாதம். முதல் வகை, மூச்சையும் உடலையும் கவனிக்கும் தியானம். இரண்டாவது, அன்பையும் கருணையையும் வளர்க்கும் தியானம். மூன்றாவது, தன் எண்ணங்களை விலகி நின்று பார்ப்பதும், பிறருடைய எண்ணத்தை அவர் நிலையிலிருந்து புரிந்துகொள்வதும்.

பயிற்சி பெற்றவர்களை ஒரு சோதனையில் நிறுத்தினார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் நின்று, 'இந்த வேலைக்கு நான் தகுதியானவன்' என்று பேசவேண்டும். பிறகு அவர்கள் முன்பே மனக்கணக்குப் போடவேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த எவருக்கும் இதன் கொடுமை தெரியும். 2017இல் வெளியான முடிவு இது: மூன்று வகையினருமே மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் உடல் அவ்வாறு சொல்லவில்லை. கருணையையும் பிறர் நிலையறிதலையும் பயின்றவர்களுக்குக் கார்ட்டிசால் ஏற்றம் 51 சதவீதம் வரை குறைந்திருந்தது. மூச்சைக் கவனிக்க மட்டும் பயின்றவர்களுக்கு அது குறையவில்லை.

இதன் பொருளை அவசரப்பட்டு விரித்துக்கொள்ளக்கூடாது. கவனத்தைப் பழக்கும் தியானம் வீண் என்று இது சொல்லவில்லை. அதே திட்டத்தில் தலைமுடியில் படியும் கார்ட்டிசாலையும் அளந்தார்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரோடு ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று மாத வாழ்க்கையின் கணக்கேடு. 2021இல் வெளிவந்த அந்த முடிவின்படி, ஆறு மாதப் பயிற்சிக்குப் பின், எந்த வகையில் தொடங்கியவருக்கும் சராசரியாக 25 சதவீதம் குறைந்திருந்தது. அன்றாடத்தின் நீண்ட சுமையைக் குறைக்க எல்லாத் தியானமும் துணை நின்றது. ஆனால் 'பிறர் என்னை எடை போடுகிறார்களே' என்ற அச்சத்தின் முன் நிற்கும்போது, கவனம் மட்டும் போதவில்லை.

ஏன் போதவில்லை? கஷாயம் என்ற சொல்லுக்கு இங்கே பொருள் கிடைக்கிறது. நாற்பது நிமிடம் மூச்சின்மேல் மனத்தை நிறுத்தக் கற்றவனிடம் லயமும் இல்லை, விக்ஷேபமும் இல்லை. ஆயினும் அடியில் ஒரு கறை இருக்கிறது: 'நான் ஒருபுறம், அவர்கள் மறுபுறம், அவர்கள் என்னை மதிப்பிடுகிறார்கள்.' பூஜையறையில் யாரும் இல்லாததால் அந்தக் கறை தெரிவதில்லை. நடுவர் முன்னே வந்ததும் தெரிகிறது. மேலதிகாரி முன்னே வந்ததும் தெரிகிறது. எதிரே இருப்பவரும் அச்சமும் ஆசையும் உடைய ஓர் உயிரே என்று மூன்று மாதம் பழகியவனுக்கு அவர் நடுவராகத் தோன்றுவது குறைந்துவிடுகிறது. குருதி அதைத்தான் பதிவு செய்தது.

பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதற்பாதத்திலேயே, சித்தம் தெளிவதற்கு வழியாக மைத்ரியையும் கருணையையும் வைத்தார். யமத்தில் முதலாவது அஹிம்சை. தாரணையும் தியானமும் ஆறாவது, ஏழாவது அங்கங்கள். கீதையின் தியான யோகம் ஆசனத்தையும் பார்வையையும் பற்றிச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடவில்லை. பிறருடைய இன்பதுன்பத்தைத் தன்னுடையதாகக் காண்பவனை உயர்ந்த யோகி என்று கூறும் இடத்துக்கு வந்து சேர்கிறது. தமிழகத்தில் 1867ஆம் ஆண்டு வடலூரில் தருமச்சாலையின் அடுப்பை மூட்டிய வள்ளலாருக்கு, பசித்தவனுக்குச் சோறிடுவதும் தியானத்தில் அமர்வதும் இரு வேறு துறைகளாகத் தோன்றவில்லை. அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. இவர்களுள் எவரும் ஹார்மோனைக் குறைப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். ஹார்மோன் குறைந்தால் அது வழியோரத்து நிழல். நிழலிலேயே பாய் விரித்துவிடுவதுதான் ரசாஸ்வாதம்.

சேலத்து அன்பருக்குத் தாரணை கைவந்திருக்கிறது. அது இரண்டு ஆண்டுகளின் ஈட்டம்; எந்த ஆய்வுக்கூடமும் அதை அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் ஐந்தே முக்கால் மணிக்குப் பூஜையறைக் கதவைத் திறந்து வெளியே வருகிறவர், எட்டு மணிக்குள் வீட்டில் இருவரிடம் குரல் உயர்த்திவிடுகிறார் என்றால், சோதிக்கவேண்டியது குருதியை அல்ல.

லைப்சிக் ஆராய்ச்சியில் கருணையைப் பழக்கக் கையாண்ட ஒரு முறை மிக எளியது. இருவர், பத்து நிமிடம். ஒருவர் அன்று தமக்கு வருத்தம் தந்த ஒரு நிகழ்ச்சியையும் நன்றியுணர்வு தந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்கிறார். அவற்றை அனுபவித்தபோது உடல் எப்படி இருந்தது என்றும் சொல்கிறார். மற்றவர் கேட்கிறார். அறிவுரை இல்லை, இடைமறிப்பு இல்லை, 'எனக்கும் அப்படித்தான்' என்பதும் இல்லை. பிறகு கேட்டவர் சொல்ல, சொன்னவர் கேட்கிறார். இணையும் ஆள் வாரந்தோறும் மாறுவார். பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே இது நடந்தது. ஆகவே இதற்குப் பூஜையறை வேண்டுமென்பதில்லை, மௌனமான இடம்கூட வேண்டுமென்பதில்லை.

அவருடைய வீட்டுக் கூடத்தில் ஒரு மர நாற்காலி இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த தாயார் காலைக் காபியோடு அதில்தான் அமர்வார். தம் முழங்கால் வலியைப் பற்றி அவர் மகனிடம் சொல்லத் தொடங்கி மூன்று வாரமாகிறது. ஒவ்வொரு முறையும் பாதியில் கைபேசி ஒலித்துவிடுகிறது.